பணியாத முன்சொக்

மனிதனைப் பிடித்த நோய்களுள் மூத்தது பொறாமை. அது நுழைந்த வீட்டில் இலட்சுமி தங்கமாட்டாள். அது நுழைந்த நெஞ்சில் இறைவன் இருக்கமாட்டான். அதை வென்றவன் எவனோ அவனே வென்றவன். அரியாலைக் கோயிலொன்றின் மணிமண்டபத்தில், ஒலிவாங்கியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, பரிபாலன சபைத் தலைவர் பஞ்சலிங்கம் இப்படித்தான் பேசினார். பேச்சை முடித்து, பஞ்சாமிர்தம் வாங்கி, வீட்டுக்குப் போய், பட்டுவேட்டியை மாற்றி, கிணற்றடியில் கவிழ்த்திருந்த கிடாரத்தின்மேல் ஏறி நின்று, மதிலுக்கு மேலால் சகலனின் வளவை எட்டிப்பார்த்தார்.

சகலன் குகதாசன், பஞ்சலிங்கத்தின் மனைவி தக்சாயினியின் தமக்கை இராசமலரைக் கட்டியவர். மாமனார் ஒரே வளவை நடுவால் கிழித்து இரண்டு பெண்களுக்கும் சீதனமாய் எழுதிவிட்டதால், இந்த இரண்டு ஆண்களும் ஒரு மதிலுக்கு இரண்டு பக்கமாய் இருபத்தைந்து வருஷமாக வாழ்கிறார்கள். கோடு கிழித்தபோது நல்ல தண்ணிக் கிணறு அந்தப் பக்கம் போய்விட்டது. இந்தப் பக்கம் வெட்டிய கிணற்றில் உவர். கறுத்தக்கொழும்பான் மாமரமும் அந்தப் பக்கந்தான். சருகு மட்டும் இந்தப் பக்கம் விழும். போதாக்குறைக்கு, வயதில் பஞ்சலிங்கம் மூப்பு, பெண்ணெடுத்த முறையில் குகதாசன் மூப்பு. ஆர் ஆரை அண்ணை என்பது என்று பல காலம் தீராமல் இருந்தது. ஒருநாள் குகதாசன் வெகு சாதாரணமாய் "அண்ணை" என்று கூப்பிட்டுவிட்டார். பஞ்சலிங்கம் அதையும் மன்னிக்கவில்லை. தான் விட்டுக்கொடுத்துப் பேரெடுக்க முதலே அவர் விட்டுக்கொடுத்துவிட்டாரே என்ற கோபம்.

மதிலுக்கு அந்தப் பக்கம் குகதாசன் சாக்கு விரித்து, சாரத்தை மடித்துக் கட்டி, மோட்டார் சைக்கிளின் முன்சில்லைக் கழற்றிச் சுவரோடு சாத்திவிட்டு, அதன் முன்கால்கள் இரண்டையும் பிரித்துக்கொண்டிருந்தார். படித்தவர்கள் போர்க் என்பார்கள், ஊரில் முன்சொக். சில்லு பள்ளத்தில் விழும்போது அமுங்கி, எழும்பும்போது நீண்டு, சைக்கிள் ஓடுகிறவனின் இடுப்பை, ஊர்ப்பேச்சில் நாரியை, காப்பாற்றுகிற இரண்டு குழாய்கள். குழாய், ஸ்பிரிங், வாசர், றப்பர் வளையம் எல்லாம் பழைய பேப்பரின்மேல் கோயிலில் மடை பரவினதுபோல் ஒழுங்காய்க் கிடந்தன. அந்த ஒழுங்குதான் பஞ்சலிங்கத்துக்கு முதலில் சுட்டது.

அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தி வருஷங்களாகியிருந்த காலம் அது. புது மோட்டார் சைக்கிள் கனவிலும் கிடையாது. இருக்கிறதைத் தட்டிக் கொட்டித்தான் ஓட வேண்டும். வாகனம் திருத்துகிற கராச்சுக்காரரோ, நாள் கேட்டால் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லும் நிலைக்கு உயர்ந்துவிட்டார்கள். ஆகையால் வீட்டில் வைத்துத் தன் கையால் வேலை செய்கிற மனுசனுக்கு ஊரில் ஒரு தனி மதிப்பு உண்டாகியிருந்தது.

பஞ்சலிங்கம் கிடாரத்தால் இறங்கிக் குசினிக்குப் போனார்.

"உன்ரை அத்தான் மோட்டசைக்கிளைக் கழட்டிப் பரப்பி வச்சிருக்கிறார்."

"ஓம், அக்கா சொன்னவ. சொக்கிலை ஒயில் ஒழுகுதாம், புது ஒயில் சீல் போடுறாராம்."

"கழட்டுறது ஆரும் கழட்டலாம். குரங்கும் கழட்டும். பூட்டுறதிலைதான் விசயம் இருக்கு. இருந்து பார், நாளைக்குச் சாக்கிலை கட்டி ரவுணிலை கராச்சுக்குக் கொண்டு போவார்."

கூட்டுறவுப் பரிசோதகராய் இருந்து இளைப்பாறியவர் பஞ்சலிங்கம். மற்றவன் செய்ததில் பிழை கண்டுபிடிப்பதே அவருடைய உத்தியோகம். பிழை நடக்க முதலே கண்டுபிடிப்பது இளைப்பாறிய பிறகு பழகிய கலை.

மறுநாள் குகதாசனின் மோட்டார் சைக்கிள் முற்றத்தில் நின்றது. அவர் கைபிடியைப் பிடித்து அமத்தினார். பசுமாடு தலையாட்டுவதுபோல் முன்பக்கம் மெதுவாய்ப் பணிந்து மெதுவாய் எழும்பியது. சத்தமில்லை. இராசமலர் அமத்திப் பார்த்தா. பால்காரன் அமத்திப் பார்த்தான். பின்னேரம் குகதாசன் குளிக்கப் போன நேரத்தில், மாங்காய் கேட்க வந்தவர்போல் பஞ்சலிங்கமும் படலையைத் திறந்து போய் அமத்திப் பார்த்தார். அது பணிந்தது. அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ அதைவிட ஆழமாய் அமுங்கியது.

இதோடு நின்றிருந்தால் அவர் இன்னொரு சொற்பொழிவு வைத்து ஆறியிருப்பார். நிற்கவில்லை.

தக்சாயினிக்குப் பட்டணத்தில், அதாவது ரவுணில், ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை. கலியாணம் செய்த நாள் தொடக்கம் காலையில் புருசனின் பின்சீற்றில்தான் போவா. பஞ்சலிங்கத்தின் முன்சொக்கோ ஒயிலெல்லாம் ஒழுகிப்போய், பள்ளத்துக்குப் பள்ளம் "டக்" என்று இரும்போடு இரும்பு முட்டும். அவவுக்கு நாரிநோ. கேட்டால், றோட்டுப் பிழை, றோட்டுப் போட்டவன் பிழை, அவனைத் தெரிந்தவன் பிழை என்று பஞ்சலிங்கம் ரவுண்வரைக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு போவார். ஒரு திங்கட்கிழமை காலை அவர் தலைக்கவசத்தைக் கொளுவிக்கொண்டு படலையடிக்கு வர, தக்சாயினி அங்கே குகதாசனின் பின்சீற்றில் இருந்தா.

"அத்தானும் பக்கத்துக் கந்தோருக்குத்தானே போறார். தனியத்தானே போறார். அக்காதான் சொன்னவ."

"போ, போ. எனக்கென்ன," என்றார் பஞ்சலிங்கம். அவருடைய முகத்தைப் பார்த்த குகதாசன், "அண்ணை, நீங்களும் ஓய்வெடுங்கோவன்," என்று நல்லெண்ணத்தோடு சொன்னார். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான் ஆறவில்லை.

பின்னேரம் வந்த தக்சாயினி சொன்னது ஒரே ஒரு சொல்: "பஞ்சு."

அந்தப் பஞ்சு பஞ்சலிங்கத்தின் காதுக்குள் போய் அடைத்துக்கொண்டது. ஒரு கிழமையாய்க் காலையில் மனைவி அந்தச் சைக்கிளில் ஏறுவதும், கைப்பையை மடியில் வைத்து ஒய்யாரமாய் இருப்பதும், அது ஒழுங்கை மூலைப் பள்ளத்தில் இறங்கி அலுங்காமல் ஏறுவதும் அவர் யன்னலால் பார்க்க வேண்டிய காட்சியாயிற்று. தன்னோடு போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த பெண், அங்கே சிரித்துக் கதைத்துக்கொண்டு போனா. சந்திக் கடையில் பாண் வாங்கப் போனால் கடைக்காரன் கேட்டான்: "என்ன தலைவர், பின்சீற் வாடகைக்கு இருக்கோ?"

போகாதே என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பா. ஏன் என்பதற்குப் பொறாமை என்பதைத் தவிர வேறு மறுமொழி தமிழில் அவருக்குக் கிடைக்கவில்லை. கராச்சில் கொடுத்துச் செய்விக்கலாம். செய்வித்தால், குகதாசன் தன் கையால் செய்தார், இவர் காசு குடுத்துச் செய்வித்தார் என்று இராசமலர் வல்வெட்டித்துறைச் சொந்தம்வரைக்கும் ரெலிபோன் எடுத்துச் சொல்லுவா. குகதாசனிடமே கேட்கலாம். அதைவிட உவர்க் கிணற்றில் குதிக்கலாம்.

ஆகவே பஞ்சலிங்கம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற செபநாயகத்தின் உதிரிப்பாகக் கடைக்குப் போனார்.

"முன்சொக்குக்கு ஒயில் சீல் ரண்டு தாரும்."

"குகதாசன் ஐயா இப்ப கிட்டடியிலைதான் வந்து வாங்கினவர். உங்களுக்கும் அதே சைக்கிள் தானே. அதே சீல்தான்."

"அதைவிட நல்லது?"

"நல்லது கெட்டது எண்டில்லை ஐயா. அந்தக் குழாய்க்கு அந்தச் சீல்."

"சரி, வடிவான பெட்டியிலை இருக்கிறதாய் எடும். ஒயில் அவர் எவ்வளவு வாங்கினவர்?"

"ஒரு போத்தல். ரண்டு பக்கமும் விட்டு மிச்சமும் இருந்திருக்கும்."

"எனக்கு ரண்டு."

செபநாயகம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "என்னத்துக்கு?"

"விடத்தான்."

வாங்க வந்தவனைத் தடுக்கச் சொல்லி எந்த வேதத்திலும் வியாபாரிக்கு எழுதியில்லை. ஆனாலும் செபநாயகம் மனம் கேளாமல் போத்தலில் ஒரு இடத்தில் பேனையால் கீறி, "ஒரு காலுக்கு இவ்வளவுதான், ஐயா," என்றார். "மேல்மூடிக்கு ஒரு சின்ன றப்பர் வளையமும் இருக்கு. குகதாசன் ஐயா அதையும் மாத்தினவர்."

"அவற்றை மூடி பழுதாய் இருந்திருக்கும். என்ரை மூடி ஒரு குறையுமில்லை."

நல்ல நாள் பார்த்தார். முற்றத்தில் வாழையிலை போட்டு, பச்சையரிசி பரவி, நிறைகுடம் வைத்து, மாவிலையும் தேங்காயும் வைத்து, சாணகத்தில் பிள்ளையார் பிடித்து அறுகம்புல் குத்தினார். குத்துவிளக்கும் ஏற்றினார். கலியாண வீடென்று நினைத்துப் பக்கத்து வளவுக்காரி ஒருத்தி வேலிக்குள்ளால் பார்த்துவிட்டு, மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குக் கீழே சீமெந்துக்கல் அடுக்கி முன்பக்கம் தூக்கி நிற்பதைக் கண்டு திரும்பிப் போனாள்.

குரு, கைத்தொலைபேசிக்குள் இருந்த ஒரு இந்திக்காரன். யூரியூப்பில் தமிழில் செய்து காட்டியவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களைக் குகதாசனும் பார்த்திருப்பார் என்ற எண்ணம் பஞ்சலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. இந்தி ஒரு சொல்லும் தெரியாது. "கைவேலைக்குப் பாஷை இல்லை," என்று தக்சாயினிக்கு விளக்கினார்.

மேல்மூடிக்குக் கீழே ஸ்பிரிங் அமுங்கிக் கிடக்கும். மூடியை உள்ளங்கையால் அமத்திப் பிடித்துக்கொண்டுதான் கடைசிச் சுற்றைக் கழற்ற வேண்டும். அந்த இந்திக்காரன் இதைச் சொல்லித்தான் இருப்பான். கடைசிச் சுற்றில் மூடி பஞ்சலிங்கத்தின் காதோரமாய்ப் பறந்து, கோழிக்கூட்டுத் தகரத்தில் "டங்" என்று விழுந்தது. கோழிகள் நாலாபக்கமும் ஓடின.

மதிலுக்கு மேலால் குகதாசனின் தலை தெரிந்தது.

"அண்ணை, மூடி கழண்டிட்டுதோ?"

"கழட்டினனான்."

"ஓம் ஓம். கை குடுக்கோணுமெண்டாச் சொல்லுங்கோ. உள்ளை ஒரு தண்டு சுத்தும், அதைப் பிடிக்க வழியிருக்காது. நான் அதுக்கெண்டு ஒரு தடி செதுக்கினனான், கிடக்கு. தரட்டே?"

"என்னட்டையும் கிடக்கு."

தலை மறைந்தது. பஞ்சலிங்கம் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்ற வீடு கூட்டுகிற புதுத் தும்புத்தடியை எடுத்து, மரமரிகிற வாளால் அரிந்து, நுனியைச் சீவினார்.

கொஞ்ச நேரத்தால் தக்சாயினி வெளியே வந்தா. "என்ரை தும்புத்தடி எங்கை?"

"சொக்குக்குள்ளை."

அவ அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கலியாணமான பெண்கள் சில கேள்விகளை ஒருதரம்தான் கேட்பார்கள்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். வேலை மோசமில்லை. தும்புத்தடி தண்டை இறுக்கிப் பிடித்தது. அடி ஆணி கழன்றது. பழைய ஒயில் கறுப்பாய், அழுகின கருவாட்டு மணத்தோடு வடிந்தது. குழாய்களைப் பெற்றோலில் கழுவி, பழைய ஒயில் சீலைக் கிளப்பி எடுத்து, புதுச் சீலை வைத்து, தண்ணிப் பம்பிக்கு வாங்கின பிளாஸ்ரிக் குழாயில் ஒரு துண்டு வெட்டி அதன்மேல் வைத்து மெல்ல மெல்லத் தட்டி இறக்கினார். சீல் நேராய் இறங்கி இருந்தபோது அவருக்கே ஆச்சரியம். ஒரு கணம் அவர் குகதாசனை மறந்தார். அந்த ஒரு கணம் அவர் வெகு நல்ல மனிதராய் இருந்தார்.

பிறகு ஒயில் விட்டார். செபநாயகம் கீறின கோடுவரைக்கும் அளந்து விட்டு, குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். ஒயில் எங்கேயோ கிணற்றுத் தண்ணிபோல ஆழத்தில் மினுங்கியது. பாதிக்கும் கீழே. நிமிர்ந்தார். எதிரே வாழையிலையில், கழுத்து முட்டத் தண்ணியோடு நிறைகுடம் இருந்தது.

கோயிலில் கும்பம் கொஞ்சம் குறைந்திருந்தாலும் ஐயரைக் கூப்பிட்டு நிரப்புவிக்கிற மனிதர் அவர். வாசலில் அரைக்குடம் வைத்த வீட்டுக் கலியாணத்தில் சாப்பிடாமல் எழும்பி வந்தவர். அவருக்கு உடனே எல்லாம் விளங்கியது. குகதாசன் கடைக்காரன் சொன்னபடி கஞ்சத்தனமாய் அரைக்குழாய் விட்டிருக்கிறார். அதுதான் அது அப்படி ஆர் தொட்டாலும் பணிகிறது. அரைகுறை.

தக்சாயினி தேத்தண்ணி கொண்டுவந்தபோது அவர் இரண்டாவது போத்தலை உடைத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"உவ்வளவும் வேணுமோ?"

"நல்ல காரியத்துக்கு அரைக்குடம் வைக்கிறதோ?"

"அத்தான் ஒரு போத்தல்தான் வாங்கினவராம்."

இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். பஞ்சலிங்கம் விளிம்புவரை விட்டார். ஸ்பிரிங்கை இறக்க, ஒயில் தளும்பி வழிந்தது. வழிந்ததைத் துடைத்து, திரும்பவும் விளிம்புவரை விட்டு, பழைய றப்பர் வளையத்தோடு மூடியை முறுக்கினார். மற்றக் காலுக்கும் அப்படியே. பிறகு சில்லைப் பூட்டி, சீமெந்துக்கற்களை எடுத்துவிட்டு, கைபிடியைப் பிடித்து அமத்தினார்.

பணியவில்லை.

முழுப் பாரத்தையும் கொடுத்து அமத்தினார். சுவரைத் தள்ளினமாதிரி இருந்தது. ஏறி நின்று குதிக்க யோசித்தார். மதிலைப் பார்த்துவிட்டு அந்த யோசனையை விட்டார். அமுங்கிற குழாய்க்குள் கொஞ்சம் காற்றுக்கு இடம் வேண்டும், ஒயில் அமுங்காது என்ற சின்ன விசயத்தை இந்திக்காரன் இந்தியில் சொல்லியிருந்தான்.

"பார்த்தியா," என்றார் மனைவியிடம். "உறுதி. உன்ரை அத்தான்ரை சொக் தொட்டவன் எல்லாருக்கும் தலை குனியுது. இது குனியாது."

செய்தி கேட்டுக் குகதாசனும் இராசமலரும் படலையால் வந்தார்கள். குகதாசன் கைபிடியைப் பிடித்தார். அமத்தினார். இன்னொருதரம் அமத்தினார். பிறகு மரியாதையாய்க் கையை எடுத்துவிட்டார்.

"நல்லா... நேராய் நிக்குது, அண்ணை."

"நிக்கத்தானே வேணும்."

"ஒயில் ஒருக்கால் பாத்தால்..."

"ஒயில் குறையேல்லை."

"குறையேல்லை எண்டு தெரியுது," என்றார் குகதாசன்.

இராசமலர் தங்கச்சியின் காதுக்குள் ஏதோ சொன்னா. இருவரும் சிரித்தார்கள். அது சமையல் விசயமாயும் இருக்கலாம். பஞ்சலிங்கம் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் வாகன பூசை. சொக் பூட்டினதற்கெல்லாம் வாகன பூசை செய்கிற வழக்கம் ஊரில் இல்லை. தலைவரென்றால் வழக்கத்தை உண்டாக்கலாம். ஐயர் கைபிடிக்கு மாலை போட்டு, சந்தனம் பூசி, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார். பஞ்சலிங்கம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சால்வை. தக்சாயினி கந்தோர்ச் சேலையோடு பக்கத்தில் நின்றா. குகதாசன் தன் சைக்கிளில் வாசலடியில் காத்து நின்றார். அவருடைய பின்சீற் வெறுமையாய், இடம் கொடுத்தபடி இருந்தது.

"இண்டைக்கு உங்களோடை வாறன்," என்றா தக்சாயினி தணிந்த குரலில். "ஆனா ஒரு கதை. நாரி நொந்துதெண்டால் திங்கட்கிழமையிலையிருந்து நான் அத்தானோடைதான். பிறகு யன்னலுக்குள்ளாலை நிண்டு பாக்கிறேல்லை. முகத்தைத் தூக்கிறேல்லை. ஒரு வசனம் பேசுறேல்லை."

யன்னல் அவவுக்குத் தெரிந்திருக்கிறது. பஞ்சலிங்கம் கைபிடியில் கிடந்த மாலையைச் சரிசெய்தார்.

"ஏறு."

தேசிக்காய் நசிந்தது. முன்சில்லு அந்தத் தேசிக்காயின்மேல் ஏறி இறங்கினதே கைபிடியில் தெரிந்தது. பஞ்சலிங்கம் கைபிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கோயில் வீதியில் ஒரு கல்லில் ஏறியபோது மணிக்கட்டிலிருந்து தோள்வரைக்கும் அதிர்ந்தது. ஒழுங்கை மூலைப் பள்ளத்தில் அவருடைய பற்கள் ஒன்றோடொன்று முட்டின. பின்னுக்கிருந்து சத்தமில்லை. திட்டினாலாவது மறுமொழி சொல்லலாம். அவ பின்கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தா.

குகதாசன் ஒரு "பீப்" அடித்து அவர்களைத் தாண்டிப் போனார். பஞ்சலிங்கம் அந்தப் பின்சில்லையே பார்த்தார். எல்லாப் பள்ளத்திலும் விழுந்தது. எதிலுமே விழாததுபோல் போனது. மனிசன் சீழ்க்கை அடித்துக்கொண்டு போகிறாரா, அல்லது தனக்குத்தான் அப்படிக் கேட்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. தண்ணி, மாமரம், அண்ணை என்ற அந்தச் சொல், இப்போது பின்சீற்றும். கடவுளே, அவன்ரை ஒரு ரியூபாவது வெடிக்கட்டும், என்று சந்தனப்பொட்டுக் காயாத நெற்றிக்குள் ஒரு பிரார்த்தனை ஓடியது.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

"ஓடுங்கோ," என்றா தக்சாயினி.

புகையிரதக் கடவை வந்தது. இரும்புப் பாதைக்கும் தாருக்கும் நடுவில் ஒரு சாண் பள்ளம். வழக்கமாய் இறங்கி உருட்டுகிற இடம். ஆனால் குகதாசன் இறங்கவில்லை. ஓடியே கடந்து போனார். ஆகையால் பஞ்சலிங்கமும் இறங்கவில்லை. முன்சில்லு பள்ளத்தில் விழுந்து அடுத்த தண்டவாளத்தில் இடித்தது. கைபிடிக்குக் கீழே "பொத்" என்று ஒரு சத்தம். உடனே பக்கத்தில் இன்னொன்று.

மூடிகள் பறக்கவில்லை. அவற்றின் ஓரத்தால், பழைய றப்பர் வளையத்தைப் பிதுக்கிக்கொண்டு, ஏதோ பாய்ந்தது. அது எங்கே விழுகிறது என்று பஞ்சலிங்கம் குனிந்து பார்க்கவில்லை. ஓடுகிறவன் குனிந்து பார்த்தால் பின்னுக்கு இருக்கிறவள் என்னவென்று கேட்பாள். மடியில் ஏதோ குளிர்ந்தது. காலைக் காற்று என்று தீர்மானித்தார். அடுத்த பள்ளத்தில் இன்னும் கொஞ்சம் குளிர்ந்தது. அதற்கு அடுத்ததில் இன்னும்.

அதோடு ஒரு அதிசயம் நடந்தது. மிஞ்சின ஒயில் போகப் போக, உள்ளே காற்றுக்கு இடம் வந்தது. ஆஸ்பத்திரி வீதிக்கு ஏறும்போது முன்பக்கம் மெதுவாய்ப் பணிந்தது. மெதுவாய் எழும்பியது.

"இஞ்சாருங்கோ," என்றா தக்சாயினி.

பஞ்சலிங்கம் திரும்பிப் பார்க்காமல் வேகத்தைக் குறைத்தார்.

"இப்ப நல்லாயிருக்கு. என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை. புதுவேலை ஓட ஓடத்தான் இளகும். அதெல்லாம் கணக்கு."

"அத்தான்ரையைவிட வடிவாயிருக்கு."

அவ பின்கம்பியை விட்டுவிட்டு அவருடைய தோளில் கையை வைத்தா. பஞ்சலிங்கத்துக்குக் கண் கலங்கியது. தார் றோட்டு, ஓட்டோக்கள், பஸ்களின் புகை எல்லாம் அவருக்கு அழகாய்த் தெரிந்தன. வேண்டுமென்றே பள்ளங்களாய்ப் பார்த்து விட்டார். ஒவ்வொன்றிலும் சொக் பணிந்து வணங்கியது. நேற்றுவரை பணியாததைப் பெருமையென்று சொன்னதை அவர் மறந்துவிட்டார்; பெரிய மனிதர்களின் கொள்கைகளுக்கும் ஓட ஓட இளகுகிற குணம் உண்டு.

கந்தோர் வாசலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். கையெழுத்துப் போட முதல் கதைத்து முடிக்க வேண்டியதைக் கதைத்துக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள், காவலாளி, கச்சான் கடலை விற்கிறவள், பக்கத்துக் கந்தோருக்குள் போகாமல் சகலனின் வேலை என்னவாகிறதென்று பார்க்க நின்ற குகதாசன். பஞ்சலிங்கம் கூட்டத்துக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். தக்சாயினி இறங்கி, சேலையைத் தட்டிவிட்டு, எல்லாருக்கும் கேட்கக்கூடியதாய்ச் சொன்னா:

"அத்தான், குறை நினைக்காதையுங்கோ. திங்கட்கிழமையிலையிருந்து நான் இவரோடைதான் வருவன். இவர் தன்ரை கையாலை செய்த சொக். சொல்லி வேலையில்லை."

இருபத்தைந்து வருஷத்தில் இப்படி ஒரு வசனம் அவ சொன்னதில்லை. குகதாசனின் முகத்தில் ஒரு சின்னச் சுளிப்பு வந்து போனதைப் பஞ்சலிங்கம் கண்டார். தேன் குடித்ததுபோல் இருந்தது. அவர் மோட்டார் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, இறங்கி, கால்களை அகட்டி நின்று, சால்வையைத் தோளில் சரிசெய்து, மணிமண்டபத்துக் குரலை எடுத்தார்.

"எதையும் நாங்கள் மற்றவனைப் பார்த்துச் செய்யக்கூடாது. அவனவன் தன்ரை நிதானத்தோடை, உள்ளுக்கை இருக்கிறதை அடக்கி வைக்கிறதிலைதான்..."

கூட்டம் அமைதியாயிற்று. அவருடைய பேச்சுக்கு இப்படி ஒரு அமைதி கோயிலில்கூடக் கிடைத்ததில்லை. ஆனால் ஒருவரும் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. பெண்களில் ஒருத்தி கைலேஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினாள். காவலாளி தன் கதிரையைக் கொண்டுவந்து, "ஐயா, கொஞ்சம் இருங்கோ, வயசான காலத்திலை அலைச்சல்," என்றான். குகதாசன் தன் சால்வை ஏதும் இருக்கிறதா என்று தோளைத் தடவினார். அவர் களிசானும் சேட்டும் போட்டிருந்தார், சால்வை இல்லை.

வெள்ளை வேட்டியின் முன்பக்கம் இடுப்பிலிருந்து முழங்கால்வரை இளமஞ்சளாய் நனைந்து ஒட்டியிருந்தது. அது ஒயில் என்று அங்கே நின்ற ஒருவரும் நினைக்கவில்லை.